விட்டதைப் பிடிக்கும் ஆசைக்கு ஒரு வைத்தியம்

2020 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு சீட்டாட்ட வழக்கை விசாரித்தது. அதில் உத்தரவிட்ட நீதிபதி பி. புகழேந்தி, செல்போனில் காசு வைத்து ஆடும் ஆட்டங்களை முறைப்படுத்தச் சட்டம் வேண்டும் என்று அரசுக்கு எடுத்துச் சொன்னார். அந்த நவம்பரிலேயே தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதன் வழியே வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022-ல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைந்தது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அதில் இருந்தார். 2023 ஏப்ரலில் புதிய சட்டம் வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் ரம்மியும் போக்கரும் தடைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. 2025 பிப்ரவரியில், நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை காசு ஆட்டம் கூடாது என்று மாநில ஆணையம் விதி போட்டது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்து மத்திய அரசு சட்டம் இயற்றியது.

இத்தனையும் பெரும்பாலும் ஆட்டத்தை நடத்துகிறவர்களைக் குறிவைத்த சட்டங்கள். ஆடி ஆடிப் பழகிவிட்டவருக்கு என்ன வழி என்பது தனிக் கேள்வி. லாட்டரிச் சீட்டைத் தமிழ்நாடு 2003 ஜனவரியில் தடை செய்தது. கேரள லாட்டரியின் கடைசி மூன்று எண்ணை வைத்து எழுதும் நம்பர் சீட்டுக்காக இன்றும் ஆட்கள் கைதாகிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆப் மூடினால் ஐபிஎல் பந்தயம் இருக்கிறது. வெளிநாட்டுத் தளம் இருக்கிறது. ஊருக்கு வெளியே தோப்பில் உள்ளே-வெளியே சீட்டாட்டம் இருக்கிறது. கடை மாறலாம், ஆடுகிறவரின் மனதில் ஓடும் கணக்கு மாறுவதில்லை.

அந்தக் கணக்கைத் திருத்தவே ஒரு சிகிச்சை இருக்கிறது. சிந்தனை-நடத்தைச் சிகிச்சை என்று தமிழில் எழுதுகிறார்கள்; மருத்துவமனையில் சிபிடி என்பார்கள். மதுரைப் பக்கத்துக் குடும்பங்களில் இதைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. கேள்விப்பட்டவர்களும் "கவுன்சலிங்தானே, உட்கார வைத்துப் புத்தி சொல்வார்கள்" என்று நினைக்கிறார்கள். அது அப்படி இல்லை என்பதை விளக்குவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

எது பழக்கம், எது நோய்

தீபாவளி இரவில் மச்சான்களோடு உட்கார்ந்து பத்து ரூபாய்க்குச் சீட்டு போடுகிறவர் நோயாளி அல்ல. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013-ல் சூதாட்டக் கோளாறை மது, போதைப் பழக்கங்களின் வரிசையில் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் இதைத் தனிக் கோளாறாக ஏற்றிருக்கிறது. அமெரிக்கக் கையேடு ஒன்பது அடையாளங்கள் சொல்கிறது. ஒரு வருட காலத்தில் நான்கு இருந்தால் நோய். முன்பு நூறில் கிடைத்த விறுவிறுப்புக்கு இப்போது ஆயிரம் தேவைப்படுவது, ஆடாத நாளில் எரிச்சல், நிறுத்தப் பார்த்துத் திரும்பத் திரும்பத் தோற்பது, மனசு சரியில்லாதபோது ஆட்டத்தைத் தேடுவது, எவ்வளவு போனது என்று வீட்டில் பொய் சொல்வது ஆகியவை அவற்றில் சில. இன்னொரு அடையாளத்துக்கு நம் ஊரில் விளக்கமே தேவையில்லை: விட்டதைப் பிடிக்கணும் என்று மறுநாளே திரும்பப் போவது.

பார்க்கின்சன் நோய்க்குத் தரும் சில மருந்துகள் சிலருக்கு அடக்க முடியாத சூதாட்ட ஆசையைக் கிளப்பிவிடும் என்பது மருத்துவத்தில் நன்கு பதிவானது. அறுபது வயதுவரை சீட்டைத் தொடாதவர் திடீரென்று ஆட ஆரம்பித்தால், அவர் சாப்பிடும் மாத்திரையை டாக்டரிடம் காட்ட வேண்டும். குணக்கேடு என்று நாம் முடிவுகட்டுவதில் மூளைக்கும் பங்கு இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

புத்தி சொன்னால் ஏன் எடுபடுவதில்லை

வீட்டில் விஷயம் வெளியே வந்ததும் நடப்பது ஏறத்தாழ எல்லா ஊரிலும் ஒன்றுதான். அம்மா அழுவார். மாமனார் வந்து பஞ்சாயத்து பேசுவார். குலசாமி கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சத்தியம் வாங்குவார்கள். ஆடியவர் பிள்ளை தலையில் கை வைத்து "இனி தொடமாட்டேன்" என்பார். அந்த நேரத்தில் உண்மையாகவே சொல்வார். மூன்று வாரத்தில் மறுபடியும் ஆட்டம்.

சூது கெட்டது என்பது அவருக்குத் தெரியாததல்ல. திருக்குறளின் 94-ஆம் அதிகாரத்தைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பார். பொதுவான அறிவு அவரிடம் இருக்கிறது. ஆனால் இரவு பதினொரு மணிக்கு, கையில் போனோடு, மனதில் ஓடுவது பொதுவான அறிவு அல்ல. "நாலு நாளா விட்டாச்சு, இன்னைக்கு ஏறும்" என்பது போன்ற குறிப்பான நினைப்பு அது. புத்திமதி அந்த நினைப்பைத் தொடுவதே இல்லை. சிபிடி அதைக் காகிதத்தில் எழுதவைத்து, உண்மையா என்று சோதிக்கிறது. இரண்டுக்கும் அடிப்படை வித்தியாசம் இதுதான்.

இந்த முறையின் முன்னோடி ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர். 1960-களில் பிலடெல்பியாவில் மனச்சோர்வு நோயாளிகளைப் பார்த்துவந்தபோது, அவர்களுடைய துயரத்துக்கு அடியில் தானாக ஓடும் நினைப்புகள் இருப்பதையும், அவற்றைச் சோதித்துத் திருத்த முடிவதையும் கண்டார். சூதாட்டத்துக்கு இதைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் கனடாவின் லவால் பல்கலைக்கழகத்து உளவியலாளர் ராபர்ட் லடூசர். சூதாடிகளின் தப்பான எண்ணங்களில் மையமானது, தற்செயலாக வருவதில் ஒழுங்கு இருப்பதாக நம்புவது என்பதை அவர் காட்டினார்.

அறைக்குள் நடப்பது

நடைமுறை புரிய ஒரு ஆளைக் கற்பனை செய்துகொள்வோம். திருமங்கலத்தில் செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கும் இளைஞர். உளவியலாளர் முதலில் கேட்பது "ஏன் ஆடினீங்க?" என்றல்ல. கடைசியாக ஆடிய ஒரு நாளை மணிக்கணக்காகச் சொல்லச் சொல்வார். பேச்சு மெல்ல ஒரு கட்டம் போட்ட தாளில் ஏறும். தாள் இப்படி இருக்கும்:

எப்போது, எங்கே: சனிக்கிழமை ராத்திரி பத்தரை, மாடியில் தனியாக.
அதற்கு முன்னால்: வட்டிக்காரர் போன் பண்ணிச் சத்தம் போட்டார்.
மனசில் ஓடியது: இன்னைக்குக் கண்டிப்பா ஏறும். ஐயாயிரம் எடுத்தா அவர் வாயை அடைச்சிடலாம்.
செய்தது: 2,000 போட்டேன்.
உடனே கிடைத்தது: அரை மணி நேரம் வட்டிக்காரர் நினைப்பே இல்லை.
பிறகு: விடியும்போது 7,500 காலி.

இந்தத் தாளில் கவனிக்க வேண்டியது ஐந்தாவது வரி. அவருக்கு ஆட்டம் தந்தது பணத்தை அல்ல, அரை மணி நேர மறதியை. அந்த மறதிக்குத்தான் மூளை பழகியிருக்கிறது. ஆகவே, சிகிச்சையில் ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. வட்டிக்காரரின் போனை என்ன செய்வது என்றும் பேச வேண்டும். இப்படிப் பத்துத் தாள் சேர்ந்தால், எந்த நாள், எந்த நேரம், எந்த மனநிலை ஆபத்து என்பது அந்த ஆளுக்கே தெரிந்துவிடும்.

அடுத்தது நினைப்பைச் சோதிப்பது. ஒரு ரூபாய் நாணயம் போதும்.

"நாலு தடவை தொடர்ந்து பூ விழுந்திருக்கு. அடுத்தது என்ன விழும்னு நினைக்கிறீங்க?"

"தலைதான் மேடம். எவ்வளவு நேரம்தான் பூவே விழும்?"

"முன்னாடி பூ விழுந்தது காசுக்கு ஞாபகம் இருக்குமா?"

விளக்கம் சொல்லி முடிப்பதில்லை. அவரையே நூறு முறை சுண்டி எழுதச் சொல்வார்கள். பூவோ தலையோ ஐந்து முறை தொடர்ந்து வராமல் நூறு சுண்டல் முடிவதுதான் அபூர்வம். தன் கையால் எழுதிய வரிசையில் அதைப் பார்க்கும்போது, "தொடர்ந்து விட்டதால் இனி ஏறும்" என்ற நம்பிக்கை முதல்முறையாக ஆட்டம் காணும். விட்ட நாலு நாளும் ஐந்தாம் நாளின் சீட்டை மாற்றாது.

நம்பர் சீட்டு எழுதுகிறவருக்கு வேறு கணக்கு. "ஒரே ஒரு நம்பர்ல போச்சு" என்பது அங்கே தினமும் கேட்கும் பேச்சு. மயிரிழையில் தப்பியது என்றால் அடுத்த முறை கிடைத்துவிடும் என்று மனது நினைக்கும். மூன்று இலக்கத்தில் ஆயிரம் எண்கள்; பரிசுக்குரியது ஒன்று. இரண்டு இலக்கம் சரியாக இருந்து ஒன்று மட்டும் தவறும் எண்கள் 27. அதாவது, ஜெயிப்பதைவிட "ஒரு நம்பர்ல போவது" 27 மடங்கு சாதாரணம். நெருங்கி வந்ததற்கு அது அடையாளமே இல்லை. விளையாட்டின் அமைப்பிலேயே இருப்பது.

ரம்மி ஆடுகிறவர் இங்கே மறிப்பார்: "அது திறமை ஆட்டம், கோர்ட்டே சொல்லியிருக்கு." உண்மைதான். ரம்மி பெருமளவு திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொன்னது. ஆனால் அந்தத் தீர்ப்பு சட்டக் கேள்விக்கான பதில். நோய் அதைக் கேட்டு வருவதில்லை. உளவியலாளர் தீர்ப்போடு சண்டை போடமாட்டார். கணக்குப் போடச் சொல்வார். சம திறமை உள்ள இருவர் ஆளுக்கு 100 ரூபாய் வைக்கிறார்கள். நடத்துகிற கம்பெனி பத்து சதவீதம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஜெயித்தவர் கைக்கு 180. பாதி ஆட்டம் ஜெயித்து, பாதி ஆட்டம் தோற்றால்கூட ஆட்டத்துக்குச் சராசரி 10 ரூபாய் நஷ்டம். நூறு ஆட்டத்தில் ஆயிரம். திறமை என்பது எதிராளியைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் போதாது; கமிஷனையும் தாண்டும் அளவுக்கு வேண்டும். பிறகு, ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து, போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று அவரே கூட்டுவார். ஜெயித்த நாள் மட்டும் பளிச்சென்று ஞாபகம் இருப்பதும், தோற்ற நாட்கள் மங்கிப்போயிருப்பதும் அந்தக் கூட்டலில் தெரிந்துவிடும்.

கைக்குப் பூட்டு, ஆசைக்கு அவகாசம்

நினைப்பைத் திருத்த வாரங்கள் ஆகும். அதுவரை பணமும் ஆளும் சந்திக்காமல் பார்த்துக்கொள்வது சிகிச்சையின் இன்னொரு பாதி. சம்பளக் கணக்கை மனைவியோ அண்ணனோ கொஞ்ச காலம் கவனிப்பது, யுபிஐ வரம்பைக் குறைப்பது, கடன் தரும் ஆப்களை அழிப்பது, சீட்டு நடக்கும் இடத்தைத் தவிர்த்து வேறு பாதையில் வீட்டுக்குப் போவது போன்றவை இதில் அடங்கும். இதைத் தண்டனையாகச் செய்தால் உடைத்துக்கொண்டு ஓடுவார். நோயாளியின் சம்மதத்தோடு, இத்தனை மாதம் என்று பேசி எழுதிச் செய்ய வேண்டும்.

ஆசை வரும் நேரத்துக்கும் பயிற்சி உண்டு. வெறி ஏறினால் ஆடித்தான் தீர வேண்டும், இல்லாவிட்டால் ஏறிக்கொண்டே போகும் என்று ஆடுகிறவர்கள் நம்புகிறார்கள். உண்மையில் அது ஏறி, ஒரு உச்சத்தில் நின்று, தானே இறங்கும். ஆசையின் வேகத்துக்குப் பத்து, ஒன்பது என்று மதிப்பெண் போட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதச் சொல்வார்கள். ஆடாமலே எண் இறங்குவதை ஒருமுறை பார்த்தவருக்கு அடுத்த முறை பயம் குறையும். காலியாகும் மாலை நேரத்தை எதைக் கொண்டு நிரப்புவது, "ஒரு கை போடு மாப்ள" என்று கூப்பிடும் நண்பனுக்கு என்ன பதில் சொல்வது என்பதையும் அறையிலேயே பேசிப் பழகுவார்கள்.

மறுபடி ஒருநாள் ஆடிவிட்டால்? "எல்லாம் போச்சு, இனி என்ன" என்ற நினைப்புதான் ஒரு சறுக்கலை முழு வீழ்ச்சியாக்குகிறது. அதற்கும் ஒரு தாள் நிரப்பி, எந்த இடத்தில் பிடி நழுவியது என்று பார்ப்பார்கள். சத்தியம் ஒருமுறை உடைந்தால் அதோடு முடிந்தது. சிகிச்சையில் சறுக்கலும் பாடம்.

எவ்வளவு நம்பலாம்

அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் நான்சி பெட்ரி 2006-ல் வெளியிட்ட ஆய்வில் 231 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினரைச் சூதாடிகளின் சுய உதவிக் குழுவுக்கு மட்டும் அனுப்பினார்கள். இரண்டாவது பிரிவுக்கு அதோடு ஒரு பயிற்சிப் புத்தகம். மூன்றாவது பிரிவுக்கு உளவியலாளரோடு எட்டு அமர்வு. சிபிடி பெற்றவர்களின் சூதாட்டம், குழுவுக்கு மட்டும் அனுப்பப்பட்டவர்களுடையதைவிட அதிகம் குறைந்தது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2012 தொகுப்பு 14 ஆய்வுகளை, மொத்தம் 1,245 பேரை, சேர்த்துப் பார்த்தது. சிகிச்சை முடிந்த மூன்று மாதம் வரை சிபிடியின் பலன் தெளிவாகத் தெரிந்தது. ஒன்பது மாதத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்த சான்று மிகக் குறைவு. சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் சூதாட்டத்துக்குச் சிபிடியைப் பரிந்துரைக்கிறது. சிகிச்சை பலன் தராதபோது நால்ட்ரெக்சோன் என்ற மாத்திரையை நிபுணர்கள் யோசிக்கலாம் என்கிறது.

ஆக, இது மந்திரம் அல்ல. பாதியில் நிற்பவர்கள் நிறைய. முடித்தவர்களும் ஒரு வருடமாவது அவ்வப்போது வந்து பார்க்க வேண்டும். கூடவே மதுவோ மனச்சோர்வோ இருந்தால் அதற்கும் சேர்த்துத்தான் வைத்தியம். இந்த எல்லைகளோடு சேர்த்தே சொல்லலாம்: இன்றைக்குக் கையில் இருக்கும் வழிகளில் அதிகம் சோதிக்கப்பட்டது இதுதான்.

கடனை அடைத்தால் தீருமா

மதுரை வட்டாரத்தில் சூதாட்டக் கதை கடன் கதையாகத்தான் வெளியே தெரியும். மீட்டர் வட்டிக்காரர் வாசலில் வந்து நின்ற பிறகே வீட்டுக்கு விஷயம் புரியும். உடனே நகை அடகுக்குப் போகும். அக்கா வீட்டுக்காரர் சீட்டுப் பணத்தை எடுத்துத் தருவார். ஊரிலிருக்கும் ஒரு ஏக்கர் கைமாறும். மொத்தமாக அடைத்து, "இனி ஒழுங்கா இரு" என்பார்கள். பாசத்தில் செய்வதுதான். ஆனால் சிகிச்சை இல்லாமல் கடனை மட்டும் அடைப்பது, உடைந்த கரையைக் கட்டாமல் கண்மாயில் தண்ணீர் விடுவது போல. ஆடுகிறவரின் மனம் இதிலிருந்து கற்றுக்கொள்வது, கடைசியில் யாராவது வந்து காப்பாற்றுவார்கள் என்பதை.

சிகிச்சையில் கடனுக்கும் ஒரு தாள் உண்டு. யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி, எது அவசரம் என்று ஒன்றைக்கூட மறைக்காமல் எழுத வேண்டும். மறைத்த ஒரு கடன்தான் அடுத்த ஆட்டத்துக்குக் காரணமாகும். அளவுக்கு மீறிய வட்டியைத் தடுக்க 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் இலவச ஆலோசனை கேட்கலாம். வீட்டார் உதவுவதானால் பணத்தை அவர் கையில் தராமல், கடன்காரருக்கு நேரடியாக, தவணையில், சிகிச்சை தொடரும் வரை என்று வைத்துக்கொள்வது நல்லது.

எங்கே போவது

முதல் பயம் போலீஸ் பயம். 2023-ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தில் ஆடுகிறவருக்கும் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அதனால் டாக்டரிடம் சொல்லவே தயங்குகிறார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், நோயாளி சொன்னதை ரகசியமாக வைத்திருக்கும் கடமையை மருத்துவர்மீது சுமத்தியிருக்கிறது. "நான் ஆடுகிறேன், நிறுத்த முடியவில்லை" என்று சொல்லிச் சிகிச்சை கேட்பது போலீசிடம் தரும் வாக்குமூலம் அல்ல.

மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மனநல மருத்துவர் சி. ராமசுப்பிரமணியன் 1992-ல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை இந்த நகரத்தில் மனநலப் பணியை நீண்ட காலமாகச் செய்துவருகிறது. எங்கே போனாலும் இரண்டு கேள்வி கேட்கலாம். சிகிச்சை தருகிறவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா? சூதாட்டத்துக்குச் சிபிடி எத்தனை அமர்வு, வீட்டுப்பாடம் என்ன? எட்டு முதல் பன்னிரண்டு வாரம், வாரம் ஒரு மணி நேரம், தாள் எழுதிவர வேண்டும் என்று பதில் வந்தால் சரியான இடம். நூறு நாள் அடைத்துவைத்துக் குணமாக்குவோம் என்றால் வேறு இடம் பார்ப்பது நல்லது. கடன் நெருக்கடியில் உயிரை விட்டுவிடலாமா என்று எண்ணம் வருகிறவர் அமர்வுக்காகக் காத்திருக்கவே கூடாது. 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

அரசு செய்ய வேண்டியதும் பெரிய செலவில்லாத காரியம்தான். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுக்கள் ஏற்கெனவே வட்டார மருத்துவமனைகளுக்குப் போய்வருகின்றன. உசிலம்பட்டியிலும் மேலூரிலும் மதுப் பழக்கத்தைப் பற்றிக் கேட்கும் அதே இடத்தில், "காசு வைத்து ஆடுவதுண்டா, எவ்வளவு போனது என்று வீட்டில் பொய் சொல்லியிருக்கிறீர்களா?" என்ற இரண்டு கேள்வியைச் சேர்க்கலாம். அந்தக் குழுக்களின் உளவியலாளர்களுக்குச் சூதாட்டச் சிபிடியில் பயிற்சி தரலாம். தமிழில் ஒரு பயிற்சிப் புத்தகம் அச்சிடலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை 2014-லேயே தொழில்நுட்பப் பழக்கத்துக்கெனத் தனிப் பிரிவு தொடங்கிவிட்டது. செல்போன் ஆட்டத்துக்குச் சட்டம் கேட்டு மதுரை நீதிமன்றம் முதலில் பேசியது. சட்டம் வந்துவிட்டது. அடுத்து, மதுரை மருத்துவமனைகளில் வாரம் ஒரு நாள் சூதாட்டத்துக்கென்று புறநோயாளி சீட்டு கொடுக்க வேண்டும்.